பாதியில் வைத்துவிட்டு எழும்பக்கூடிய வேலை

றக்வானையில் ஒருத்தி கம்பளி பின்னுகிறாள் என்றால் நுவரெலியாக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊர் குளிருக்குப் பேர்போனதில்லை, மழைக்குத்தான். மாதம்பையில் இரத்தினபுரிப் பாதையை விட்டுப் பிரிந்து காலி வரை போகும் ஏ17 வீதியில், சிங்கராஜக் காட்டுக்கு வடகிழக்கே, ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது டவுன். புலுத்தொட்ட வளைவுகளில் பஸ் உறுமி ஏறிச் சூரியகந்தையை எட்டினால்தான் காற்று உறைக்கும். கீழே எங்களுக்கு ஈரம்தான் பிரச்சினை. காயாத உடுப்பு, பூஞ்சணம் பிடித்த செருப்பு, கால் வைத்த இடமெல்லாம் அட்டை. இந்த ஊருக்குச் சுவெட்டர் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. திடகாத்திரமான ஆட்களுக்கு இங்கே அது தேவையில்லைதான். பிறந்த பிள்ளைக்கும், அடைமழை மாதங்களில் இருமல் விடாத கிழவன் கிழவிக்கும் தேவை. நான் பின்னுவது அவர்களுக்கு.

தோட்டத்துக்குக் கம்பளி புதிதுமில்லை. கோப்பிக் காலத்திலேயே ஆளுக்கொரு கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் அதை மடித்துத் தலையில் போட்டு, மழையை முதுகுப் பக்கம் வழியவிட்டார்கள். அது பின்னியதல்ல, தறியில் நெய்தது. முரட்டு ஆட்டு மயிர். அதில் தங்கியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரை உடனே உள்ளே விடாது. பகலில் தலையில் போட்டதைத்தான் ராவில் பாட்டி பிள்ளைகளுக்குப் போர்த்தினாள் என்று அம்மா சொல்வார். இன்று மலைக்குப் போகிறவர்களிடம் பொலித்தீனும் ரெயின்கோட்டும்தான்.

நான் ஆட்டு ரோம நூல் வாங்குவது குறைவு. நல்ல கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். பின்னல் புத்தகங்களில் இது கம்பளியின் பெருமை. ஆனி மாத றக்வானையில் இதுவே தலைவலி, கழுவிப் போட்டால் நாலு நாளைக்குக் காயாது. அக்ரிலிக் நூல் ஈரத்தைக் குடிக்காது, இஸ்தோப்புக் கொடியிலேயே காய்ந்துவிடும். ஆனால் தாத்தா பாட்டிமாருக்கு நான் அக்ரிலிக்கில் பின்னமாட்டேன். அவர்கள் லயத்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவர்கள். அக்ரிலிக்கில் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி கருகுமே தவிர உருகாது. ஆகவே பிள்ளைக்கு அக்ரிலிக், கிழவிக்குக் கம்பளி, அது காய நாலு நாளானாலும் சரி.

பிள்ளைக்கு முதலில் தொப்பிதான். பச்சைப்பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது; மூடாமல் விட்டால் சூடு அந்த வழியாகவே போய்விடும். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கார் ரே என்ற டொக்டர் எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பிறகு உலகம் முழுக்கப் பரவிய அந்த வழியில் பிள்ளைக்கு உடுப்பு அதிகமில்லை. ஒரு நெப்பி, காலுக்கு மேஸ், தலைக்குத் தொப்பி, அவ்வளவுதான். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் அதிகம். மிட்வைஃப் மிஸ்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

நிறைமாதப் பிள்ளையின் தலைச்சுற்று 34, 35 சென்ரிமீற்றர் இருக்கும். தொப்பி தலையைவிடச் சிறிதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், ஆகவே 30க்குப் பின்ன வேண்டும். 4 மில்லிமீற்றர் ஊசியில் நடுத்தர நூலுக்குப் பத்து சென்ரிமீற்றரில் 22 கண்ணி விழும். கணக்குப்படி 66. ஆனால் விளிம்புக்கு இரண்டு ப்ளேன், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் போட நாலால் பிரிபடும் எண் வேண்டும்: 64 அல்லது 68. நான் 64 போடுவேன், அக்ரிலிக் கழுவக் கழுவக் கொஞ்சம் தளரும். எடை குறைந்த பிள்ளைக்கு 60. இன்னும் சின்னதென்றால் 56. குஞ்சம் வைப்பதில்லை, கழுத்துக்குக் கட்டும் நாடா வைக்கவே மாட்டேன். 56 கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று அதிகம் பேசமாட்டார்கள். "எத்தன கிலோ புள்ள?" என்று நானே கேட்டு எழுதிக்கொள்வேன்.

"ஒங்களுக்கு எப்படித்தான் நேரம் கெடைக்குதோ" என்பார்கள் பக்கத்துக் காம்பராப் பெண்கள். எனக்கும் கிடைப்பதில்லை. மலைக்குப் போன காலத்திலும் சரி, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நின்றுவிட்ட பிறகும் சரி, சேர்ந்தாற்போல அரை மணித்தியாலம் எனக்கு வாய்த்தது அபூர்வம். வடைச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு எழும்ப முடியாது. தையல் மெஷினில் கை வளைவைப் பாதியில் விட்டால் திரும்ப அந்த வளைவு சரியாக அமையாது. பின்னலை மட்டும்தான் வரிசை முடிவில் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். கண்ணிகள் ஊசியில் வரிசையாகக் கிடக்கும். ஒரு கிழமை கழித்து எடுத்தாலும், இந்தப் பக்கம் மழமழப்பா, மேடு தட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் அடுத்த வரிசை ப்ளேனா பர்லா என்று தெரிந்துவிடும். அவசரத்தில் வரிசை நடுவே எழும்ப நேர்ந்தால் ஊசி முனையில் பழைய பேனா மூடியைச் சொருகிவிடுவேன். மூடி இல்லாமல் வைத்து ஒரு கண்ணி நழுவினால், கீழே வரிசை வரிசையாக ஏணிபோல் இறங்கிக்கொண்டே போகும்.

இதனால் நான் டிசைன் தெரிவு செய்வதே குறுக்கீட்டை வைத்துத்தான். மகனைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பிக்கும்போது வெறும் ப்ளேன் வரிசைகள். பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை திரும்பி வரும் பூ டிசைன், பிள்ளைகள் நித்திரையான பிறகு. புத்தகங்கள் டிசைன்களைச் சுலபம், கடினம் என்று பிரித்திருக்கும். எனக்கு அந்தப் பிரிவினை உதவியதேயில்லை. யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால் நிறுத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் குரோஷே. இரண்டு ஊசிப் பின்னலில் முழு வரிசையும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். குரோஷேயில் எந்த நேரமும் ஒரேயொரு கண்ணிதான் திறந்திருக்கும். கொக்கி ஊசியை உருவி எடுத்து, அந்த ஒன்றைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டால் போதும். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நான் குரோஷேதான் போட்டேன். பஸ்ஸிலும் போடலாம், கிளினிக் வரிசையிலும் போடலாம். 2016 இல் சென்னையில் மதர் இண்டியாஸ் குரோஷே குயீன்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீற்றர் போர்வை ஒன்றைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களில் தனித்தனியே போட்ட சதுரங்களை இணைத்தது அது. படத்தைப் பார்த்தபோது அதன் பிரமாண்டத்தைவிட, எத்தனை சமையலறைகளில் எத்தனை தடவை பாதியில் வைக்கப்பட்ட சதுரங்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் குரோஷே துணி தடிக்கும், இழுத்தால் அவ்வளவாக விரியாது. பச்சைப்பிள்ளைத் தலைக்கு இரண்டு ஊசிப் பின்னல்தான் சரி என்று பிறகு இதற்கே திரும்பிவிட்டேன்.

டீவிக்கும் பின்னலுக்கும் நல்ல பொருத்தம். "மெட்டி ஒலி" ஓடிய காலத்தில் எங்கள் லயத்தில் டீவி இருந்த காம்பராவின் இஸ்தோப்பு வரை ஆட்கள் நிற்பார்கள். அழுகையும் சண்டையும் இழுத்துக்கொண்டே போகும் நாடகத்துக்கு ப்ளேன் வரிசை தோதாக இருக்கும், கண் திரையிலேயே இருந்தாலும் கை தானே ஓடும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் மூச்சுவிட இடமுண்டு, டிசைன் போடலாம். ரேடியோதான் எனக்குச் சரிவராது. பாட்டுப் போனால் எண்ணிக்கை தாளத்தோடு ஓடிவிடும். செய்தி இன்னும் மோசம், அதில் வேறு எண்கள் வரும். புசல்லாவைத் தோட்டத்திலிருந்து போன அசானி 2023 இல் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் பாடிய வாரங்களில் மட்டும் ஊசி கையில் இருந்தும் ஒரு வரிசை நகரவில்லை.

படங்களில் பின்னல் வந்தால் எனக்குக் கதை மறந்துவிடும். பழைய படங்களில் கதாநாயகி கையில் ஒரு குட்டிச் சுவெட்டர் தெரியும். புருசன் அதைப் பார்ப்பான், விசயம் விளங்கும், தூக்கிச் சுற்றுவான். நான் அவள் கையைத்தான் பார்ப்பேன். இரண்டு ஊசியும் சும்மா தட்டிக்கொண்டிருக்கும், நூல் விரலில் சுற்றியே இருக்காது. காட்சி முடியும்வரை துணி ஒரு வரிசை வளராது. அதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. எங்கள் ஆட்களில் வயிற்றுப் பிள்ளைக்காரி தன் பிள்ளைக்கு முன்கூட்டியே உடுப்புத் தயார்பண்ணப் பெரியவர்கள் விடமாட்டார்கள், ஆகாது என்பார்கள். பிள்ளை பிறந்து சேதி வந்த பிறகுதான் ஆளனுப்புவார்கள், அதுவும் நாளைக்கே வேண்டும் என்று. அதனால் யாருக்கென்று சொல்லாமல் நாலைந்து தொப்பி என் பெட்டியில் எப்போதும் இருக்கும். பெயர் இல்லாத தொப்பிக்கு யாரும் ஆகாது என்று சொல்வதில்லை.

நீலகிரியில் எடுத்த படங்கள் வேறு ரகம். "மூன்றாம் பிறை", "இதயத்தைத் திருடாதே" எல்லாம் எனக்குப் பனிமூட்டமும் கம்பளியும்தான். அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தமும் உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நிற்பதற்குச் சில காலம் முன்பு அம்மாவின் தங்கச்சி குடும்பம் போய்ச் சேர்ந்த இடம் கோத்தகிரி. அங்கே சுவெட்டர் சோற்றுக்கு அடுத்த தேவை. சின்னம்மா இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவில் டிசைன் சொல்கிறார். "ரெண்டு எடுத்துட்டு ஒண்ணு தள்ளு, தள்ளுனத தூக்கி மேல போடு." நான் அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறேன்.

சின்னம்மாவும் அம்மாவும் பழகியது சைக்கிள் கம்பியில். கடை ஊசி வாங்கக் காசில்லாமல், உடைந்த சில்லிலிருந்து ஸ்போக் கம்பி எடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து, மறுமுனையில் ரப்பர் துண்டு குத்திக்கொள்வார்கள். அம்மா அதைப் பதினாலாம் நம்பர் ஊசி என்பார். எங்கிருந்து வந்த நம்பர் என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. வெள்ளைக்காரர்களின் பழைய ஊசி நம்பர்கள் கம்பிக்கான நம்பர்களே. நம்பர் கூடக்கூடக் கம்பி மெலியும், ஏனென்றால் துவாரத்தின் வழியே எத்தனை முறை இழுத்து மெலிய வைத்தார்கள் என்பதிலிருந்து வந்த எண் அது. எட்டாம் நம்பர் ஊசி 4 மில்லிமீற்றர், பதினாலாம் நம்பர் 2. சாதாரண சைக்கிள் ஸ்போக்கும் பதினாலாம் நம்பர் கம்பிதான். தோட்டத்துப் பெண்கள் கையில் அகப்பட்டதை எடுத்தார்கள், அது அளவிலும் ஊசியாகவே இருந்தது. அந்த மெல்லிய கம்பியில் அம்மா பின்னிய துணியின் நெருக்கம் என் கைக்கு வரவில்லை.

2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது நூல் விலை எங்களை விட்டு எங்கோ போனது. அப்போது பழைய சுவெட்டர்களைப் பிரித்தேன். சந்தையில் குவித்துப் போட்டிருக்கும் பழைய உடுப்புகளில் எல்லாம் பிரிக்க உதவாது. விலாப் பக்க மூட்டை உள்ளே திருப்பிப் பார்க்க வேண்டும். துணியை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் வரிசைக்கொரு துண்டு நூல்தான் மிஞ்சும். விளிம்பு வெட்டுப்படாமல் வடிவத்துக்கே பின்னி இணைத்திருந்தால், மேலிருந்து கீழே ஒரே நூலாக வரும். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும். கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணியில் ஊறவைத்து, கீழே ஒரு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். கார்மென்ட்டில் வேலை செய்யும் என் தங்கச்சி, நாங்கள் அங்கே நாளெல்லாம் தைப்பதை நீ இங்கே உட்கார்ந்து பிரிக்கிறாய் என்று சிரித்தாள்.

மகனுக்கு ஒரு காலத்தில் நான் பின்னுவதைக் கூட்டாளிமார் பார்த்தால் வெட்கம். டோக்கியோ ஒலிம்பிக் 2021 இல் நடந்தபோது, உயரத்திலிருந்து தண்ணீரில் பாயும் இங்கிலாந்து வீரர் டொம் டேலி, தங்கப் பதக்கம் வாங்கிய பிறகு பார்வையாளர் வரிசையில் குந்திப் பின்னிக்கொண்டிருந்த படம் அவன் போனுக்கு வந்தது. பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க அதற்கு ஒரு சிறு பையும் பின்னியிருந்தார். "ஆம்பளயும் பின்றாரும்மா" என்று ஓடிவந்தான். போட்டிக்குப் போட்டி நடுவில் காத்திருக்கும் ஆளுக்கு வேறென்ன வேலை ஒத்துவரும் என்றேன். அதற்குப் பிறகு அவனும் பழகினான். கண்ணியை இறுக்கி இறுக்கிப் போடுவான், ஊசி நகராது. ஒரு மஃப்ளர் அரை முழத்தில் நிற்கிறது.

போன வருசம் டவுனில் ஒரு கடைக்காரர் தொப்பிகளை மொத்தமாகக் கேட்டார். நான் கணக்குச் சொன்னேன். 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 168 ரூபா சொச்சம். தொப்பிக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்து, நூலையும் கூட்டிச் சொன்னதும் அவர் சைனாத் தொப்பி ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். அதன் விலை என் கூலியில் பாதிகூட இல்லை. அது மெஷின் பின்னல், அந்த விலைக்கு வரலாம். ஆனால் பக்கத்தில் தொங்கிய குரோஷே பொம்மைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. குரோஷேயை அப்படியே போடும் மெஷின் தொழிற்சாலைகளில் கிடையாது, அவ்வளவும் கைவேலை. அந்த விலைக்கு அதைப் போட்டவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டேன். கடைக்காரருக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை.

கடைக்குக் கொடுக்கவில்லை. லயத்து ஆட்களுக்கு விலையும் சொல்வதில்லை. நூலைக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் முட்டை வரும், பலாக்காய் வரும். மேட்டுக் கிராமத்துச் சிங்கள அக்கா நேற்றுக் கித்துள் பாணிப் போத்தல் ஒன்றோடு வந்தார். மருமகளுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் இரண்டு கிலோ இல்லையாம். பெட்டியில் இருந்ததெல்லாம் 64. ஆகவே 56 இல் இரண்டு, மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று. முதலாவது விளிம்பு முடிந்துவிட்டது.