சாந்திநிகேதனத்தில் பெரிய நாள்

வங்க மக்கள் கிறிஸ்துமஸ் திருநாளைப் ‘பொரோதின்’ என்பர். பெரிய நாள் என்பது பொருள். கல்கத்தாவில் அதன் கோலாகலத்தைப் பார்க் தெருவின் விளக்குகளிலும், நியூ மார்க்கெட்டில் நஹூம் கடைமுன் கேக்குக்காக நிற்கும் நீண்ட வரிசையிலும் காணலாம். யூதக் குடும்பமொன்று 1902-இல் தொடங்கிய அக்கடையில் கிறிஸ்தவரின் திருநாளுக்காக இந்துக்களும் முஸ்லிம்களும் கால்கடுக்க நிற்பது இந்நகரத்துக்கே உரிய அழகு.

சென்ற டிசம்பரில் இவற்றை விடுத்து, நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஹௌராவில் ரயிலேறிச் சாந்திநிகேதனம் சென்றோம். அதற்குக் காரணம் உண்டு. எங்களுள் ஒருவர், நாசரேத்தைச் சேர்ந்த நண்பர், வேலைபார்த்த சணல் ஆலை ஐப்பசியில் கதவடைத்துவிட்டது. “இவ்வாண்டு எங்களுக்குப் பெரிய நாள் இல்லை அக்கா” என்று அவர் மனைவியார் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டார். பரிசு வாங்கிக் கொடுத்தால் அவர்கள் மனம் கூசும். ஆகவே, பரிசுக்கு வேலையில்லாத இடத்துக்கு எல்லோருமாகப் போவது என்று முடிவு செய்தோம்.

வர்த்தமானைக் கடந்ததும் வயல் வரப்புகளில் ஈச்ச மரங்கள், கழுத்தில் கலயங்களோடு. வேலை போனதிலிருந்து அதிகம் பேசாதிருந்த நண்பர் அவற்றைக் கண்டதும் வாய் திறந்தார். நம் ஊரில் பனையின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குவர். இங்கே ஈச்சமரத்தின் மேல்தண்டையே செதுக்கிச் சாறு வடிப்பர். குளிர் மிகுந்தால்தான் சாறு தெளியும் என்றெல்லாம் அவர் விளக்க, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். அச்சாற்றைக் காய்ச்சிய புது வெல்லமே வங்கத்தார் உயிரை விடும் ‘நொலேன் குர்’. நம் கருப்பட்டிக்கு அது தங்கை முறை என்பது எங்கள் கட்சி.

ரவீந்திரரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863-இல் இந்நிலத்தைப் பெற்றார். அவர் தியானத்தில் அமர்ந்த ஏழிலைப்பாலையின் நிழலை இன்றும் போற்றுகின்றனர். அருகே 1891-இல் எழுந்த உபாசனை மண்டபம் உள்ளது; நாற்புறமும் வண்ணக் கண்ணாடி, உள்ளே உருவச்சிலை எதுவுமில்லை. இங்கே ரவீந்திரர் 1910-இல் தொடங்கிய கிறிஸ்து உற்சவம் ஆண்டுதோறும் டிசம்பர் 25 மாலையில் நிகழ்கிறது. மெழுகுவர்த்தி ஒளி, வேத மந்திரம், ரவீந்திரர் பாடல், கிறிஸ்துமஸ் கீதம்: அவ்வளவே. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் பொருள் எதுவுமில்லை.

இவ்விடத்தில் வாழ்ந்த சி. எஃப். ஆண்ட்ரூஸ் பாதிரியாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் அவரை மறக்கலாகாது. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேட்டாலில் காந்தியடிகளைச் சந்தித்து, ஒப்பந்தக் கூலிகளின் துயரைக் கண்டார். அடுத்த ஆண்டு பியர்சன் என்னும் தோழருடன் பிஜித் தீவுக்குச் சென்றார். அவ்விரு நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் உழன்றோருள் தமிழர் பலர். ஒப்பந்த முறையில் ஆள் அனுப்புவது 1917-இல் நிறுத்தப்பட்டதில் அவருடைய அறிக்கைகளுக்குப் பெரும் பங்குண்டு. ‘தீனபந்து’ என்று மக்கள் அழைத்த அவர், 1940-இல் மறையும்வரை சொத்தென்று எதையும் சேர்க்கவில்லை.

மண்டபத்துக்கு வெளியே புல்தரையில் நாங்கள் அமர்ந்திருந்தோம். வங்காளிச் சிறுமியர் தொடங்கிய கீதத்தின் மெட்டு அறிந்த மெட்டு. நண்பரின் மனைவியார் முதலில் முணுமுணுத்தார். பிறகு தமிழ்ச் சொற்களில் வாய்விட்டே பாடினார். பக்கத்திலிருந்த வங்காள மூதாட்டி திரும்பிப் பார்த்துத் தம் கம்பளிப் போர்வையின் ஒரு பாதியை அவர் தோளில் போர்த்தினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. பாட்டு முடிந்தபின்னும் போர்வை அப்படியே இருந்தது.

போக விரும்பும் அன்பர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்க. பௌஷ மேளாவை ஒட்டிய நாட்களில் போல்பூரில் அறை கிடைப்பது அரிது. வார விடுமுறை அங்கே ஞாயிறன்று, புதன். பிள்ளைகளுக்குக் கம்பளி ஆடை அவசியம். இரவுப் பனி பொல்லாதது.