குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது ரைஃபிள் கைக்கு வந்ததும் ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். நோட்டு எங்கும் சிக்காமல் ஓடினால் சந்தோஷம். சிக்கினால் உப்புத்தாளைத் தேடுவார்கள்!

இந்த இடைவெளிக்குப் பெயர்தான் 'ஃப்ரீ ஃப்ளோட்டிங்'. குழலின் பின்முனை, தோட்டா ஏறும் இரும்புப் பகுதியில் முறுக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் கட்டையை எங்கும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இப்படிச் செய்தால் குறி கூர்மையாகுமா? வேட்டைக்காரர்கள் கூடும் இடத்தில் ஓயாத சண்டை இதுதான்.

ஆகும் என்பவர்களின் வாதம் எளிது. சுட்டவுடன் குழல், தட்டிய கம்பி போல அதிர்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிதான். அந்த நேரத்தில் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். கட்டை ஒரு நாள் அழுத்தி, ஒரு நாள் விலகினால் அதிர்வும் மாறும்.

சரி, அப்படியானால் தொடும் குழல் எல்லாம் மோசமா? அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளில், முனைக்கு அருகே கட்டை குழலை 2 முதல் 7 பவுண்டு விசையோடு மேல்நோக்கி அழுத்த வேண்டும் என்பதே விதி. 1962-ல் வந்த ரெமிங்டன் 700-லும் கட்டையின் முன்நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு வைத்தார்கள். மெல்லிய குழலின் ஆட்டத்தை அந்த அழுத்தம் அடக்கும் என்பது கணக்கு. அந்த மேட்டைச் சுரண்டி எடுத்த பிறகு குறி கெட்டுப்போன துப்பாக்கிகளும் உண்டு.

ஆக, இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் சண்டை நடப்பது தவறான இடத்தில். 'குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன' என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேட்டைக்குத் தேவையான கேள்வி, 'போன மாதம் விழுந்த இடத்திலேயே இன்றும் விழுமா?' என்பது.

சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியைச் சுமார் 8 அங்குல வட்டம் என்பார்கள். ஒரு ரைஃபிள் 100 கஜத்தில் 2 அங்குல வட்டத்துக்குள் சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கஜத்தில் அது 4 அங்குலம். அதாவது மையத்திலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் விலகாது. மான் விரைவில் இறந்துவிடும். வட்டத்தை 1 அங்குலமாகக் குறைத்தாலும் மானைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது கோடையில் குறி சரிசெய்த அதே ரைஃபிளை நவம்பர் மழையில் நினையுங்கள். மரம் ஈரம் குடித்து உப்பிக் குழலை ஒரு பக்கம் தள்ளுகிறது. 100 கஜத்தில் 3 அங்குலம் நகர்ந்தால் 200 கஜத்தில் 6 அங்குலம். குண்டு மையத்திலிருந்து 4 முதல் 8 அங்குலம் தள்ளி விழும். ஒன்றுகூட அந்த 8 அங்குல வட்டத்துக்குள் இல்லை! வயிற்றில் குண்டு வாங்கிய மான் காட்டுக்குள் ஓடி, பல மணி நேரம் கழித்துச் சாகும். பலவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. குறி என்பது வெறும் பெருமைச் சமாச்சாரம் இல்லை என்பது இங்கேதான் புரியும்.

ஃப்ரீ ஃப்ளோட்டிங் உறுதியாகத் தருவது இந்தக் காப்பீட்டைத்தான். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் குழலுக்குத் தெரியாது.

இதில் ஒரு வியாபார ரகசியமும் இருக்கிறது. கட்டையைக் குழலோடு ஒட்டச் செதுக்கக் கைத்திறமையும் நேரமும் வேண்டும். இடைவெளி விட்டால் இரண்டுமே மிச்சம். வின்செஸ்டர் கம்பெனி 1964-ல் செலவைக் குறைக்கத் தன் மாடல் 70 ரைஃபிளை மாற்றியபோது குழலை ஃப்ளோட் செய்தது. அந்த அகலமான இடைவெளியைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இன்றோ ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவான ரைஃபிள்களின் விளம்பரத்தில் அதே இடைவெளி ஒரு சிறப்பம்சம் :-)

மலிவான பிளாஸ்டிக் கட்டையில் ஒரு சிக்கலும் உண்டு. முன்பக்கம் எதிலாவது ஊன்றினால் அது வளைந்து குழலைத் தொட்டுவிடும். நோட்டுப் பரிசோதனையில் பாஸான துப்பாக்கி சுடும்போது ஃபெயில்!

அதனால் உப்புத்தாளை எடுக்கும் முன் மற்றதைப் பார்ப்பது நல்லது. திருகுகள் இறுக்கமா? தொலைநோக்கி ஆடுகிறதா? வேறு தோட்டா போட்டால் எப்படி? மூன்று குண்டு சுட்டுத் தீர்ப்புச் சொல்வது, மூன்று பேரைக் கேட்டுத் தேர்தல் முடிவு சொல்வது மாதிரி. வெவ்வேறு நாட்களில், குழல் குளிர்ந்திருக்கும்போது, நாளுக்கு ஒரு குண்டு ஒரே அட்டையில் சுட்டுப் பார்க்கலாம். பத்து நாளில் உண்மை தெரிந்துவிடும். காட்டில் மான் முன்னால் கிடைப்பதும் அந்தக் குளிர்ந்த முதல் குண்டு ஒன்றுதானே?