எம் வீட்டுச் செக்ரோல்

தோட்டத்துத் தமிழரிடையே "சொந்த நிலம்" என்னுஞ் சொல்லுக்குள்ள மதிப்பு வேறெச் சொல்லுக்கும் இல்லை. பிறர் மரத்தில் மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்தில் ஒருவர் தம் பெயரில் ஓர் ஏக்கருக்குக் கிராண்டு பெற்றுவிட்டால், ஊரார் அவரை நோக்கும் நோக்கே மாறிவிடும். நேயர்களும் இதனை அறிவீர்கள். ஆயினும் அந்நிலத்தில் நாள்தோறும் இறங்கி உழைப்பவர் யார், கிராண்டில் ஏறியுள்ள பெயர் யாருடையது என்று இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பார் அரியர். பகலெல்லாம் பிறருடைய வேலைநாளை எண்ணிப் பதிவதையே பிழைப்பாகக் கொண்ட தோட்டக் கிராணியாகிய யாம், எம் வீட்டு நிலத்திலும் அவ்வாறே எண்ணிப் பார்த்தோம். அதன் விவரத்தையே ஈண்டு எழுதுகின்றோம்.

சுங்காய், பேராக்கின் தென்பகுதியில் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். வடக்கே பீடோர், தெற்கே துரோலாக்கும் சிலிம் ரிவரும், கிழக்கே திதிவங்சா மலைத்தொடர். நகரத்தார் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றைக் காண வருவரே யன்றி, எம் ஊரைக் காண வருவதில்லை. எமக்குள்ள நிலம் ஆறு ஏக்கர். 1957இல் நாடு விடுதலை எய்துவதற்குச் சற்று முன்பும் அதன் பின்னும், வெள்ளைக்கார முதலாளிகள் பலர் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுவிட்டு வெளியேறினர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட அந்நாளில் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தோர் மிகப் பலர். அதற்கு மாற்றாகத்தான் 1960இல் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அத்தகைய துண்டு ஒன்று விலைக்கு வந்தபோது எம் பாட்டனார் தம் சேமிப்புடன் பாட்டியாரின் தாலிக்கொடியையும் இரண்டு வளையல்களையும் விற்ற பணத்தைச் சேர்த்து இவ்வாறு ஏக்கரையும் வாங்கினார். கிராண்டில் பாட்டியார் பெயர் இல்லை. அக்காலத்தில் அதனை எவரும் ஒரு குறையாகக் கருதினாரில்லை; பாட்டியாரே கருதினாரில்லை என்று எம் தாயார் கூறுவார்.

நாலு ஏக்கரில் பால்மரம் நிற்கின்றது. ஒன்றரை ஏக்கரில் டுரியானும் வாழையும். எஞ்சியது வீடும் காய்கறிப் பாத்தியும். இப்போதுள்ள பால்மரங்கள் எம் தந்தையார் 1994இல் நட்டவை. காற்றில் விழுந்ததும் பட்டை கெட்டதும் போக அறுநூறு மரம் தேறும். அவற்றை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கத்தி வைப்பது வழக்கம்.

கத்தி வைப்பவர் எம் அக்காள். வயது நாற்பத்தொன்று. கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மகளுடன் வீடு திரும்பியவர். விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆதலின் அப்பொழுது கீறினால் பால் நெடுநேரம் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் சுருங்கிவிடும். முதலில் முந்திய வெட்டில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையிலிட வேண்டும். பின்னர் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த அச்சாய்வான கோட்டில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவ வேண்டும். பட்டையினுள் பால் ஓடும் குழாய்கள் நேர் நிமிர்ந்து நில்லாமல் சற்றே சாய்ந்திருத்தலால், இவ்வாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஆழம் குறைந்தால் பால் இல்லை. மிகுந்தால் கத்தி கட்டையைத் தொட்டு, புதுப்பட்டை கரடுமுரடாக வீங்கி, அவ்விடம் பின்னொரு நாளும் வெட்டுக்கு உதவாது. பழைய வெட்டையே மறுபடியும் மெல்லச் சீவித் திறக்கும் இம்முறையை 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ஆய்ந்து கண்டவர் ரிட்லி துரை என்று பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் படித்துள்ளோம். முந்நூறு மரத்தை இருட்டில் ஒரு காயமும் படாமல் சீவி முடிக்கும் கையைப் பற்றி அப்பாடத்தில் ஒரு வரியும் கிடையாது.

தாயார் அறுபத்தெட்டு வயதில் பின்னே வருவார். மங்கைத் துடைத்து வைத்தல், பால் உறைய மருந்து சொட்டுதல், முன்பே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை எடுத்து மூட்டையாக்குதல் எல்லாம் அவர் பங்கு. கட்டிப்பாலின் நாற்றத்தை அறிந்தோர்க்கு விரித்துக் கூற வேண்டியதில்லை. அறியாத நகரத்து நேயர்க்கு விரித்துக் கூறினும் விளங்காது. அது துணியை விட்டாலும் விரல் நகத்தை விடாது. மூட்டை வியாபாரியிடம் சென்றதும் அவர் ஈரத்திற்கென்று ஒரு கழிவு போடுவார். மூட்டை நன்கு உலர்ந்திருந்த நாளிலும் அக்கழிவு குறைந்ததைக் கண்டோமில்லை.

ஆண்டு முழுவதும் இவ்வாறே செல்லும் என்று எண்ண வேண்டா. பெப்ரவரியில் இலை செம்பு நிறமாகி உதிரத் தொடங்கும். மார்ச்சில் தளிர் விட்டு இலை முற்றும்வரை மரத்துக்கு ஓய்வு. வீட்டுக்கு வருமானம் இல்லை. அந்த ஒன்றரைத் திங்களில்தான் புல் வெட்டு, வாய்க்கால் சீர்செய்தல், மழைத்தடுப்புத் தாள் கட்டுதல் முதலான கூலியில்லா வேலைகள் எல்லாம் நடைபெறும். சில நாள் வறட்சி தொடர்ந்தால் டுரியான் பூக்கும். அப்பூ மாலையில் விரியும்; இரவில் வௌவால்கள் வந்து மகரந்தம் மாற்றும். மூன்று நாலு திங்களில் பழம் விழும். டுரியான் தானே விழுந்தால்தான் சுவை. அதுவும் பெரும்பாலும் இரவில் விழும். ஆகவே பருவம் வந்தால் தாயாரும் அக்காளும் தோப்பிலுள்ள பொண்டோக்கில் தங்கி, விழும் ஓசை கேட்டு விளக்கெடுத்து ஓடுவர். காட்டுப்பன்றியும் அதே ஓசைக்குத்தான் காத்திருக்கின்றது. அக்டோபர், நவம்பரில் மாலை மழை காலை மழையாக மாறினால், மங்கில் வந்த பால் கழுவிக்கொண்டு போகும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிவதோடு பூசணமும் பிடிக்கும். மழை நாளில் வீட்டில் இருப்பதும் ஓய்வன்று. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

யாம் வேலை பார்க்கும் தோட்டம் செம்பனைத் தோட்டம். அங்கே காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் ஏற்றுவது முதற்கடமை. முன்னாளில் அதிலும் அநீதி இருந்தது. 1920களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே நிரையில் ஒரே மரத்தை வெட்டினும் அவ்வாறே. இன்று அவ்வேறுபாடு ஒழிந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் ஆண், பெண் என்று பாராது. 2025 பெப்ரவரியில் அது திங்களுக்கு 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலை செய்வார்க்கு நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு வீதம். வங்காள தேசத்திலிருந்து வந்த இளைஞன் குலை வெட்டினாலும், எம் ஊர்ப் பெண் உதிரிப் பழம் பொறுக்கினாலும், பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்காமல் யாம் மேசையை விட்டு எழுவதில்லை.

அவ்வேட்டை மூடிவிட்டு வீடு திரும்பினால், இங்கே ஏடே இல்லை. எனவே கடந்த ஆண்டு சனவரி முதல் நாள் ஒரு பழைய குறிப்பேட்டில் கோடிட்டு ஐவர் பெயரை எழுதினோம். எவரிடமும் சொல்லவில்லை. டிசம்பர் முடிவில் கூட்டிய தொகை இது: தாயார் 268 நாள், அக்காள் 221, எழுபத்திரண்டு வயதுத் தந்தையார் 96, ஞாயிறும் விடுமுறையுமாக யாம் 41, ஈப்போவில் இருக்கும் எம் அண்ணனார் 9. தாய், மகள் இருவர் நாளையும் மேற்சொன்ன வீதத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 32,000 ரிங்கிட் வருகின்றது. கட்டிப்பால், டுரியான், வாழை ஆகிய அனைத்தாலும் அவ்வாண்டு நிலம் ஈட்டிய மொத்த வரவு 19,000க்குச் சற்று மேல். தந்தையார் ஆண்டுதோறும் "நிலம் நமக்குச் சோறு போடுகின்றது" என்று பெருமையுடன் கூறுவார். கணக்கோ வேறு கூறிற்று. இருவர்க்குக் கூலி கொடாமையால்தான் அந்நிலம் நிலமாக நிற்கின்றது. சோறு போட்டது நிலமன்று.

இதனைக் கூட்டிப் பார்க்க நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுகின்றோம். மரங்களுக்கு வயதாகிவிட்டது. மறுநடவு செய்ய வேண்டும், அல்லது விற்க வேண்டும். அண்ணனார்க்கு விற்பதில் விருப்பம். டுரியான் தோட்டம் போட நிலந்தேடித் திரிவோர் இப்பக்கம் நல்ல விலை கூறுகின்றனர். தந்தையார்க்கு விற்க மனமில்லை. இரு மகன்கள் பெயரிலும் மும்மூன்று ஏக்கராக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க எண்ணினார். அக்காள் "உயிருள்ளவரை வீட்டில் இருந்துகொள்ளட்டும்" என்பது அவர் முடிவு. ஆக, இவ்வேற்பாட்டில் மூன்று ஏக்கர் இலாபம் அடைபவருள் யாமும் ஒருவர் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க.

ஒரு ஞாயிறு பிற்பகலில் குறிப்பேட்டைத் தந்தையார் முன் வைத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். "கிராணி வேலையை வீட்டிலும் காட்டுகிறாயா, தம்பி?" என்றார்.

"காட்டத்தான் வேண்டும், அப்பா. இந்த ஏட்டில் பெயர் ஏறாதவருக்கு அந்தக் கிராண்டிலும் பெயர் ஏறவில்லை," என்றோம்.

"உன் அக்காளுக்குக் கல்யாணத்தில் செய்தது கணக்கில் வரவில்லையே?"

"அண்ணன் படிப்புக்குச் செய்ததும் வரவில்லை, அப்பா."

தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, சோறாக்கினதற்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டார். அவர் நகைத்துக்கொண்டு கேட்டாரா, அன்றி உண்மையாகவே கேட்டாரா என்பது இன்றளவும் எமக்குத் தெளியவில்லை. தந்தையார் ஏட்டை மூடினார், திருப்பித் தரவில்லை.

சட்டம் இதில் எம் குடும்பத்தை விட முன்னே நிற்கின்றது. உயில் எழுதாது இறந்த முஸ்லிம் அல்லாதார் சொத்துக்கு எம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் பங்கில் அது ஆண், பெண் வேற்றுமை காட்டுவதில்லை. ஆனால் தந்தை உயிருடன் இருக்கையில் தாம் விரும்பிய எவர்க்கும் மாற்றிக் கொடுக்கலாம். பெண்மக்கள் விடுபடுவது பெரும்பாலும் இவ்வழியில்தான். அதற்குரிய 14ஏ படிவத்தில் கைம்மாறாகப் பணம் குறிப்பதில்லை. அன்பும் பாசமும் என்று எழுதுவது வழக்கம். 2023 ஏப்ரல் முதல் அவ்வன்பில் முதற் பத்து இலட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரைத் தீர்வையும் இல்லை. மகளுக்கும் அதே படிவம், அதே சலுகை. 1929 பெப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்து நம்மிடையே பேசியும் சென்றார். ஒரு நூற்றாண்டு ஆகப்போகின்றது. மேடையில் அதற்குக் கைதட்டிய குடும்பங்களின் கிராண்டுகளைத் தாப்பா நில அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தால், கைதட்டியவர்க்கே நாணம் வரும் என்று எண்ணுகின்றோம்.

"மூன்றாகக் கூறிட்டால் நிலம் சிதறாதா?" என்பது தந்தையாரின் அடுத்த வினா. கூறிடவே வேண்டா, ஒரே கிராண்டில் மூவர் பெயரும் பங்காக ஏறலாம் என்று விளக்கினோம். அண்ணனாரோ தொலைபேசியில், "அவள் பெயர் ஏறினால் நாளைக்கு விற்பதென்றால் அவள் கையெழுத்தும் வேண்டுமே?" என்றார். ஆம், வேண்டும். அதற்காகவேதான்.

இத்தனைக்கும் அக்காள் வாய் திறக்கவில்லை. ரிஸ்டாவிலிருந்து மறுநடவு உதவிக்குரிய மனு வந்தபோதுதான் பேசினார். 1973இல் சிறுநிலத்தார்க்கென ஏற்பட்ட அமைப்பு அது. பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று நட உதவுகின்றது. மனுவில் எப்பயிர் என்று குறிக்க வேண்டும். தந்தையார் செம்பனை என்றார். மூன்றாண்டில் காய்க்கும், பத்துப் பதினைந்து நாளுக்கொரு வெட்டு, நாள்தோறும் விடியலில் எழ வேண்டா என்பது அவர் வாதம். அக்காள் பால்மரமே வேண்டும் என்றார். "பனை உயர்ந்துவிட்டால் நீளக் கத்தி பிடிக்க ஆள் தேட வேண்டும், அப்பா. பால்மரம் என் கையோடு போகும். ஆனால் ஒன்று. கன்று வெட்டுக்கு வர ஆறு வருஷம். அதுவரைக்கும் புல் பிடுங்கி, உரம் போட்டுப் பார்க்கப் போவது நான். முதல் பால் எடுக்கும்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அப்போது யாரோ வந்து விற்றாயிற்று என்றால், மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? பெயர் ஏறட்டும். மறுநாளே குழி வெட்டுகிறேன். ஏறாவிட்டால் உங்கள் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். நானும் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறேன். அங்கே தம்பி என் பெயரைத் தவறாமல் எழுதுவான்."

அவ்வாறு அவர் கூறியது இரண்டு திங்களுக்கு முன்பு. சென்ற வாரம் தந்தையார் எம் அறைக்கு வந்து, அக்காளின் அடையாளக் கார்டில் பெயர் எவ்வெழுத்துகளில் உள்ளது என்று கேட்டார். எழுதிக் கொடுத்தோம். தாயார் பெயரையும் ஏற்றலாமா என்று வினவினார். ஏற்றலாம் என்றோம். தீபாவளிக்கு அண்ணனார் வருகின்றார். அவரிடம் கூற வேண்டியதைத் தாமே கூறுவதாகத் தந்தையார் சொல்லியுள்ளார். 14ஏ படிவம் குறிப்பேட்டினுள் இருக்கின்றது, இன்னும் கையொப்பமாகவில்லை. மரங்களுக்கு இவ்வாண்டு இலை உதிரும்வரை வெட்டு உண்டு.