அமரர் ஐசான்

காஞ்சிபுரத்தில் ஒருவர் கண்ணை மூடினால், உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் சுவரொட்டி வந்துவிடும். நடுவில் படம், ஒரு பக்கம் 'தோற்றம்', மறுபக்கம் 'மறைவு', கீழே வருந்துவோர் பட்டியல். பட்டியலில் ஒரு மைத்துனர் பெயர் விட்டுப்போனால் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அது ஒரு வழக்காக நடக்கும். இப்படிப்பட்ட ஊரில், 2013 நவம்பரில் போய்ச் சேர்ந்த ஒரு பெரிய புள்ளிக்கு மட்டும் ஒரு சுவரிலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் உலகமே எதிர்பார்த்திருந்த ஆள். ஐசான் என்ற வால்வெள்ளி.

அந்தக் கடனை இப்போதாவது தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். தோற்றம்: சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன். சொந்த ஊர்: சூரியக் குடும்பத்தின் கடைசி எல்லையான ஊர்ட் மேகம். குடும்பம்: தனிக்கட்டை. மறைவு: இங்கேதான் தகராறு. சூரியனை அது மிக நெருங்கிய நேரம் அமெரிக்கக் கணக்கில் நவம்பர் 28, வியாழன் பகல். நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிக் கால் மணி, வெள்ளி பிறந்துவிட்டது. திவசம் கொடுக்க யாராவது முன்வந்தால் இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மறைவுக்குக் காரணம்: பெரிய இடத்துச் சகவாசம்.

இதில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஐசானைப் படம் படமாகத் தொடர்ந்துகொண்டிருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் கார்ல் பேட்டம்ஸ் அப்போதே ஓர் இரங்கல் குறிப்பு எழுதினார். நல்ல மனிதர். ஆனால் அவர் ஊரில் சித்ரகுப்தன் கோயில் கிடையாது. எங்களுக்கு நெல்லுக்காரத் தெருவில் இருக்கிறது. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கணக்கர்தான் கேதுவுக்கும் அதிதேவதை. வால்வெள்ளிகளை நம் பழைய ஜோதிட நூல்கள் கேதுக்களின் கூட்டத்தில்தான் சேர்த்தன. ஆகவே ஐசானின் கணக்கு எங்கள் ஊர்ப் பேரேட்டில்தான் முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உரிமை கொண்டாடுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஐசானின் பொதுவாழ்க்கை மிகவும் குறுகியது. 2012 செப்டம்பர் 21 அன்று ரஷ்யாவின் கிஸ்லொவோத்ஸ்க் அருகே விட்டாலி நெவ்ஸ்கி, ஆர்த்தியோம் நோவிச்சோனோக் என்ற இருவர் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அது வியாழன் கோளுக்கும் அப்பால் இருந்தது. பாதையைக் கணக்குப் போட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 12 லட்சம் கிலோமீட்டரில் கடக்கப்போகிறது. சூரியனின் குறுக்களவே 14 லட்சம் கிலோமீட்டர் என்னும்போது இது உரசிக்கொண்டு போகிற மாதிரிதான். அவ்வளவு நெருங்கினால் வால் வானத்தையே அளக்கும், பௌர்ணமி நிலவைவிடப் பளிச்சென்று தெரியும், பகலிலேகூடப் பார்க்கலாம் என்றார்கள். 'நூற்றாண்டின் வால்வெள்ளி' என்று பட்டமும் கட்டினார்கள். நூற்றாண்டு பிறந்து பதின்மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் தெருவுக்கு இதில் தனி அக்கறை இருந்தது. ஐசான் தெரிய வேண்டியது விடியலுக்கு முன், கிழக்கு வானத்தில். அந்த நேரத்தில் ஊரில் விழித்திருப்பவர்கள் அர்ச்சகர்கள், பால்காரர்கள், அவர்களை விட்டால் நெசவாளர்கள். வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, இழை சரிபார்த்துச் சுருட்டிவிட வேண்டும். அறுபது அடி நீளப் பட்டு இழைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, நிமிர்ந்தால் ஒரு வால்வெள்ளி தெரியும் என்பது நல்ல சேதிதானே?

நல்ல சேதிதான், மாதம் கார்த்திகையாக இல்லாதிருந்தால். மழைக்காலத்தில் தெருப்பாவும் கிடையாது, வானமும் கிடையாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும், இழை ஈரம் கோத்துக்கொள்ளும். வால்வெள்ளி தோன்றினாலும் பாரியின் பறம்பில் மழை பொய்க்காது என்று கபிலர் புறநானூற்றில் பெருமைப்படுகிறார். மழை பொய்க்காததே எங்களுக்குத் தொல்லையாகப் போயிற்று. கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள், நவம்பர் 18 அன்று, ஐசான் சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில் நின்றது. அடையாளம் காட்ட இதைவிட வசதியான இடம் அமையாது. மேகம் விட்டாலும் பௌர்ணமி கழிந்த நிலா விடவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் மூன்று தலைமுறைக் கோர்வை நெசவுக்காரர். நான் செய்தித்தாளைக் கொண்டுபோய் "பெரியப்பா, நிலாவைவிட வெளிச்சமா இருக்குமாம்" என்றேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "தறியில இருக்கிற சேலைக்கு விலை பேசக்கூடாதுப்பா. அறுத்து இறக்கட்டும், அப்புறம் பேசு" என்றார்.

அறுத்துத்தான் போனது, இறக்கியதாகத் தெரியவில்லை. நவம்பர் 28 இரவு நடந்ததைப் பார்த்த முக்கிய சாட்சி சோஹோ விண்கலம். 1995-இல் ஏவப்பட்டது, ஒரு தகட்டால் சூரிய வட்டை மறைத்துவிட்டு அதன் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும். அந்தப் படத்தில் ஐசான் நீண்ட வாலோடு தகட்டுக்குப் பின்னால் போனது. மற்றொரு விண்கலமான எஸ்.டி.ஓ., அது கடக்க வேண்டிய இடத்தையே குறிவைத்துப் பார்த்தது. எதுவும் தெரியவில்லை. கதை முடிந்தது என்று அறிவித்து, விஞ்ஞானிகள் காப்பி குடிக்கப் போகிற நேரத்தில், தகட்டின் மறுபக்கத்தில் விசிறி மாதிரி மங்கலாக ஏதோ வெளியே வந்தது. பாடையில் வைத்தவர் எழுந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? செத்துவிட்டது என்று எழுதியவர்கள் அடித்துவிட்டு, பிழைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஓரிரு நாளில் அந்த விசிறியும் கரைந்தது. வந்தது வெறும் தூசி.

பிரேதப் பரிசோதனை சொல்வது இதுதான்: ஆள் பார்க்கத்தான் பெரிசு. வால் பல லட்சம் கிலோமீட்டர் நீண்டிருந்தாலும் உள்ளே இருந்த கரு ஒரு கிலோமீட்டர் தேறினால் அதிகம். பனியும் தூசியும் இளகலாகக் கெட்டித்த உடம்பு. சூரியப் பக்கம் அதற்கு முதல் வருகை. 2,700 டிகிரிச் சூட்டில் பனி ஆவியாகப் பீறிட, சூரியனின் ஈர்ப்பு அருகிலிருந்த பாதியை ஓர் இழுப்பும் தூரத்துப் பாதியை வேறு இழுப்புமாக இழுக்க, உடைந்து உதிர்ந்தது. 2011-இல் லவ்ஜாய் என்ற வால்வெள்ளி இதைவிடப் பலமடங்கு நெருங்கி, சுமார் 1,40,000 கிலோமீட்டரில் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து காட்டியிருந்தது. அதை முன்கூட்டி யாரும் நூற்றாண்டு நாயகனாக்கவில்லை. வெளியே வந்த சில நாளில் அதுவும் சிதறியது என்பது வேறு விஷயம்.

அதே நவம்பர் 28-இல் இன்னொன்றும் பொய்த்தது. லெஹர் புயல். அதிதீவிரமாக ஆந்திரக் கரையைத் தாக்கும் என்று ஒரு வாரம் எல்லோரையும் வயிற்றில் நெருப்புடன் வைத்திருந்து, கடலிலேயே வலுவிழந்து, வெறும் தாழ்வு மண்டலமாக மசூலிப்பட்டினம் அருகே கரையேறியது. ஒரே நாளில் இரண்டு கணிப்புகள் தவறின. ஒன்றுக்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். மற்றதை 'ஏமாற்றிவிட்டது' என்று திட்டினோம். ஐசான் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தது? அதன் சார்பில் வாக்குக் கொடுத்தவர்கள் நாம். நிறைவேற்றாததற்குப் பழி மட்டும் அதன் தலையில்.

அதற்கு மூன்றாம் நாள், டிசம்பர் 1, ஞாயிறு. கார்த்திகை ஞாயிறுகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் இஷ்டசித்தித் தீர்த்தத்தில் முழுகி, மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து சுற்றி வருவார்கள். தலைநோய் தீரும் என்று நம்பிக்கை. தொலைவில் நின்று சூரியனுக்கு மரியாதை செலுத்தும் வழி இது, யாரும் உதிர்ந்துபோனதில்லை. அன்று அதிகாலையில்தான் மங்கள்யான் பூமியின் சுற்றுப்பாதையை விட்டுச் செவ்வாய்க்குக் கிளம்பியது. அது உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது.

வால்வெள்ளியைத் தொலைத்துவிட்டு மேகத்தைத் திட்டுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். பீலாவின் வால்வெள்ளி 1846-இல் இரண்டாகப் பிளந்தது, 1852-க்குப் பிறகு காணாமற்போனது. 1872 நவம்பர் 27 அன்று அதன் தூளிலிருந்து எரிகற்கள் கொட்டின. ஜெர்மனியின் கிளிங்கர்பியூஸ், சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்கு, 'பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தேடு' என்கிற தோரணையில் தந்தி அடித்தார். போக்சன் டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியல்களில் மேக இடுக்கில் உண்மையாகவே ஒரு வால்வெள்ளியைப் பார்த்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. பின்னாளில் கணக்குப் பார்த்தால் அது பீலாவே இல்லையாம், யாரோ வழிப்போக்கர். தப்பான வீட்டுக் கதவைத் தட்டியும் சரியாக ஒருவர் எட்டிப்பார்த்த கதை.

2024 அக்டோபர் 28 அன்று, தீபாவளிக்கு மூன்று நாள் இருக்க, ஹவாயில் ஒரு மாதம் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட அட்லஸ் என்ற வால்வெள்ளியும் ஐசானைப் போலவே சூரியனருகே கரைந்தது. சோஹோ இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட வால்வெள்ளிகளைக் காட்டியிருக்கிறது. பெரும்பாலானவை பெயர் பரவும் முன்பே ஆவியானவை. அதே அக்டோபரில் வந்த சுச்சின்ஷான்–அட்லஸுக்கோ நேர்மாறான ஜாதகம். அது உடைவது நிச்சயம் என்று ஜூலையிலேயே ஒரு நிபுணர் எழுதிவிட்டார். அது சூரியனைச் சுற்றிவிட்டு, வாலை நீட்டிக்கொண்டு மாலை வானில் வந்து நின்றது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே வாரம்தான்.

குடையோடு தெருமுனைக்கு வந்த பெரியவர் கேட்டார்: "இதுவும் செத்துப்போச்சா?"

"இல்ல பெரியப்பா, உசுரோட இருக்கு. மேகத்துக்கு மேல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தறிக்குழியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போனார்.