ஷீட்டு போட்ட கைகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி வட்டாரத்துப் பழைய தோட்டங்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் செம்பனைதான். ரப்பர் பால்மரம் பார்க்க வேண்டுமென்றால் கோலப்பிலா, ஜெம்போல் பக்கம் உள்ளே போக வேண்டும். அங்கும் அதிகம் இருப்பவை பெருந்தோட்டங்கள் அல்ல. சிறுதோட்டக்காரர்களின் சில ஏக்கர் துண்டுகள். மரம் சீவும் வேலை அப்படியேதான் இருக்கிறது: விடிவதற்கு முன் கத்தி, சாய்ந்த கோடு, கோட்டின் முனையில் பால் வடியும் கிண்ணமான மங்கு. மாறியிருப்பது மங்கில் பால் விழுந்த பிறகு நடக்கும் வேலை. முன்பு அந்தப் பால் அன்றைக்கே பால் பதப்படுத்தும் ஸ்டோருக்குப் போய், மறுநாள் ஷீட்டாக உருண்டு, புகைக்கூடத்தில் தொங்கியது. இப்போது மங்கிலேயே உறையவிட்டு, சில நாள் கழித்துக் கட்டிப்பாலாகப் பொறுக்கி, ஈரத்தோடு வியாபாரியிடம் எடை போடுகிறார்கள். இதனால் வேலைப் பளு குறைந்தது உண்மை. ஆனால் ஷீட்டு போடும் தொழில் போனபோது, தன் சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்லும் அதிகாரமும் உற்பத்தியாளன் கையைவிட்டுப் போனது என்பதுதான் இந்தத் தோட்டங்கள் எனக்குக் காட்டும் செய்தி.

ஷீட்டு போடுவதை மூளை தேவைப்படாத கூலிவேலை என்று நினைப்பவர்கள் அதன் படிகளைக் கவனித்ததில்லை. பாலை வடிகட்டித் தூசியும் பட்டைத் துணுக்கும் நீக்க வேண்டும். காலையில் மழை பெய்திருந்தால் பால் நீர்த்திருக்கும். வெயில் நாளில் கெட்டியாக இருக்கும். எப்படி வந்தாலும் தண்ணீர் சேர்த்து, ரப்பர் 100-க்கு 12 முதல் 15 பங்கு நிற்கும்படி ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நீர்த்த பார்மிக் அமிலம். குறைந்தால் கட்டி கொழகொழத்து உருளையில் கிழியும். கூடினால் இறுகிப்போய்க் காயாமல் அடம்பிடிக்கும். மேலே மிதக்கும் நுரையை அப்போதே வழித்தெடுக்காவிட்டால் குமிழிகள் ஷீட்டுக்குள் தங்கி, தரத்தை ஒரு படி இறக்கிவிடும். மறுநாள் மிருதுவான கட்டியை வழவழப்பான உருளைகளில் பலமுறை விட்டு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில் வரி போட்ட உருளையில் விடுவார்கள். அந்த வரிகள் அழகுக்காக அல்ல. காற்றுப் படும் பரப்பு கூடுகிறது, ஒன்றின்மேல் ஒன்று போட்டாலும் ஒட்டிக்கொள்வதில்லை. பிறகு நீர் வடிய நிழலில் தொங்கவிட்டு, 60 பாகை செல்சியஸுக்கு மிகாத புகைச் சூட்டில் நாலைந்து நாள். புகையில் உள்ள பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கறுத்த புள்ளிகளையும் வேகாத வெள்ளைத் திட்டுகளையும் கத்தரியால் வெட்டி எடுத்தவர்களில் பெண்களே அதிகம். முதல் தரம், மூன்றாம் தரம் என்று உலகச் சந்தை பேசிய தரத்தின் பெரும்பகுதி அந்தக் கண்களிலும் விரல்களிலும்தான் இருந்தது.

கம்பளி நமதா செய்யும் காஷ்மீரத்துக் கைவினைஞர்களின் வேலையோடு இதை ஒப்பிடலாம். ஆட்டு ரோமத்தைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, சுருட்டி மிதிக்கிறார்கள். முழுக்க இறுகுவதற்கு முன் நிறுத்தினால், வெட்டினால் உதிராத, அதே சமயம் வேறு ரோமத்தோடு இன்னும் பிணையக்கூடிய ஒரு பாதி விரிப்பு கிடைக்கிறது. இன்று கம்பளி வேலை செய்பவர்கள் அதைத் தாங்களே அடிப்பதா, கடையில் வாங்குவதா என்று யோசிக்கிறார்கள். வாங்கினால் நேரம் மிச்சம். அடித்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தன் கையில். ரப்பர் ஷீட்டும் இப்படிப்பட்ட பாதிப் பொருள்தான். கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அப்படிப் பதமான ரப்பரை மறுபடி உருக்கி வேறு வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. ஷீட்டோ அந்த எல்லைக்கு முன்னால் நின்று, எதனோடும் கலக்கத் தயாராக இருக்கிறது. அழுகாது, மாதக்கணக்கில் அடுக்கி வைக்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

கட்டிப்பாலிடம் இந்தக் குணம் இல்லை. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது வெளியே தெரியாது. வியாபாரி கையால் அமுக்கிப் பார்த்து ஒரு விழுக்காடு சொல்கிறார். 100 கிலோ கட்டியில் 55 கிலோ ரப்பர் இருக்க, அவர் 50 என்றால் 5 கிலோவுக்கான காசு போய்விட்டது. மறுத்துப் பேச விற்பவரிடம் ஆதாரம் கிடையாது; வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனால் நாற்றமும் எடைக் குறைவும்தான் மிச்சம். அரசின் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகையும் கட்டிப்பாலை அளவுகோலாக வைத்தே கணக்கிடப்படுகிறது. 2024-இல் அதன் ஆதார விலை கிலோவுக்கு 3 ரிங்கிட் ஆனது. அந்த உதவி தேவையானதுதான். ஆனால் ஈரக் கட்டியையே இயல்பான சரக்காக அது நிலைநிறுத்துகிறது. காய்ந்த ஷீட்டுக்கு இந்த வம்பே இல்லை: தராசு காட்டுவது ஏறக்குறைய முழுவதும் ரப்பர், தூக்கிப் பிடித்தால் குறையும் நிறையும் இரு தரப்புக்கும் தெரியும்.

கண்ணால் தரம் பார்ப்பது பழங்காலத்து வழி, அதனால்தான் 1965-இல் மலேசியா சோதனைச்சாலை அளவீட்டில் எஸ்.எம்.ஆர். எனும் மலேசியத் தர ரப்பர் வகைப்பாட்டைக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அந்தத் திட்டத்தின் சாதனையை நான் குறைக்க மாட்டேன். எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது போன்ற தெளிவு, டயர் கம்பெனிகளுக்கு வேண்டிய தெளிவு. ஆனால் அந்தச் சோதனை நடப்பது ஆலையில், விற்றவர் காசு வாங்கிக்கொண்டு போன பிறகு. வாங்குபவருக்குத் துல்லியம், விற்பவருக்கு ஊகம் என்ற நிலையை எஸ்.எம்.ஆர். தீர்க்கவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. விடியலில் சீவி, பால் எடுத்து, பிறகு உருளையும் சுற்று என்றால் உடம்பு தாங்குமா? தாங்காது. ஒவ்வொரு வீடும் ஷீட்டு போட வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. பத்து இருபது பேரின் பாலைச் சேர்த்து ஓரிடத்தில் பதப்படுத்தும் கூட்டு நிலையங்கள் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. கேரளத்தின் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் அந்த வழியில் இன்றும் ஷீட்டு போடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு முற்றத்துக் கொடியில் ஷீட்டு காய்வது சாதாரணக் காட்சி.

தோட்டத் தமிழர் பக்கமிருந்து எழும் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது: ஷீட்டு போட்டதால் எங்களுக்கு என்ன வந்தது? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, ஸ்டோரில் பாலைக் கொட்டி, கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பாலில் உள்ள ரப்பரை அளக்கும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுச் சொன்ன எண்ணுக்குக் கூலி வாங்கியவர்கள் அவர்கள். ஷீட்டு கம்பெனியுடையது. இது முழு உண்மை. அதனால்தான் செம்பனை வந்ததும், பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்குப் போனதும், இரண்டு மூன்று தலைமுறை கற்ற கைத்திறன் ஒரு காசும் தராமல் கலைந்தது. தொழில் தெரிந்தவர்களிடம் நிலம் இல்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் சேமிப்பிலேயே வாங்கும் முயற்சி அது. தமிழ்நாட்டிலும் இதே குறைதான்: இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்குக் கன்னியாகுமரியின் அரசு ரப்பர் கழகம் வேலை கொடுத்தது. அங்கும் அவர்கள் கூலியாட்களே. ஆகவே குற்றம் ஷீட்டில் இல்லை, அது யாருடையது என்பதில் இருந்தது.

ஸ்டோரில் வேலை செய்த தலைமுறை இன்னும் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் அடுக்குமாடிகளில் இருக்கிறது. அமிலம் எவ்வளவு, நுரையை எப்போது வழிப்பது, எந்த ஷீட்டு இன்னும் வேகவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கோலப்பிலாவின் சிறுதோட்டக்காரர்களுக்கு மரமும் பாலும் இருக்கின்றன. இவர்களைச் சேர்த்து ஒரு கூட்டுப் பதனிடும் நிலையம் நடத்த இரண்டு ஜோடி உருளை, தண்ணீர் வசதி, ஒரு சிறு புகைக்கூடம், ஷீட்டை நேராக வாங்க ஓர் ஆலையின் ஒப்பந்தம் வேண்டும். கற்றுக்கொடுப்பவருக்குச் சம்பளமும், விற்றதில் பங்கும் எழுத்தில் வேண்டும்.