தந்தை விட்டுச்சென்ற இசைக்கடல்

தஞ்சைக்குச் செல்வோர் முதலில் காண விழைவது பெரிய கோயிலையே. 1010ஆம் ஆண்டில் இராசராச சோழன் எடுத்து முடித்த அக்கற்றளியைக் கண்டு வியந்து, அரண்மனையையும் சரசுவதி மகால் நூலகத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலை இரயிலுக்கு விரைவோர் பலர். விரையாமல் இன்னும் ஒரு நாள் தங்குவோர்க்கு இந்நகரம் வேறு சிலவற்றையும் காட்டும். மறைந்த தந்தையை மக்கள் எவ்வாறு நினைவிற் கொள்ளலாம் என்பதற்கு இவ்வூரில் இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று பளிங்கினால் ஆனது. மற்றொன்று காகிதத்தினால் ஆனது.

பளிங்கை முதலிற் காண்போம். பெரிய கோயிலுக்கு அணித்தேயுள்ள சிவகங்கைப் பூங்காவின் அருகில், 1779இல் எழுந்த கிறித்தவக் கோயில் ஒன்று இருக்கிறது. சுவார்ட்சு ஐயர் கோயில் என்று அதனை அழைப்பர். அதன் உள்ளே, நோய்ப்படுக்கையிற் கிடக்கும் முதியவர் ஒருவரின் கையைப் பற்றி நிற்கும் இளவரசரின் உருவம் வெண்பளிங்கில் செதுக்கப்பட்டுள்ளது. முதியவர் செருமனி நாட்டுப் பாதிரியார் சுவார்ட்சு; கையைப் பற்றி நிற்பவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி. இளமையில் தமக்குக் காவலராயும் ஆசானாயும் இருந்த அப்பெரியாரைச் சரபோசி தந்தையாகவே போற்றினார். சுவார்ட்சு 1798இல் மறைந்தபின், பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு இந்நினைவுச் சின்னத்தைச் செய்வித்தார். சமயம் வேறாயினும் அன்பு ஒன்றே என்பதை அப்பளிங்கு இன்றும் சொல்லாமற் சொல்கிறது.

அரசர்க்குப் பளிங்கு எளிது. ஏனையோர் என் செய்வர்? இவ்வினாவுடன் நகரத் தெருக்களிற் செல்லும்போது, ஆபிரகாம் பண்டிதர் சாலை என்னும் பெயரைக் காண்கிறோம். நாள்தோறும் அவ்வழியே செல்வோரிற் பலர்க்கு அது ஒரு முகவரி மாத்திரமே. ஆனால் அப்பெயர்க்குரியவரோ, தமிழிசையின் கணக்கைக் கண்டறிய வேண்டித் தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்ட பெருந்தகை. அவர் விட்டுச்சென்ற குறைப்பணியை அவருடைய மக்கள் எடுத்து முடித்த வரலாறே நாம் சொல்ல வந்த இரண்டாவது சான்று.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், குற்றாலத்தை அடுத்த சாம்பவர் வடகரையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றவர் அங்கே பிடில் வாசிக்கவும் கற்றார். ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் இருவரும் தஞ்சைக்கு வந்து பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றினர். பண்டிதருக்குச் சித்த மருத்துவத்திலும் மிகுந்த ஈடுபாடு இருந்தது. சுருளி மலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். நாளடைவில் ஆசிரியத் தொழிலை விட்டு மருத்துவத்திலேயே முழுதும் ஈடுபட்டார். கருணானந்தர் பெயரால் அவர் செய்து விற்ற சஞ்சீவி மருந்துகள் நாடெங்கும் பரவின. செல்வமும் வந்து சேர்ந்தது.

தம் கிறித்தவ நம்பிக்கையில் இறுதிவரை உறுதியாய் நின்றவர் அவர். எனினும் தமக்கு மருந்து கற்பித்த முனிவரை அவர் ஒருநாளும் மறந்தாரில்லை. மருந்துக்கு அவர் பெயரை வைத்தார். பின்னர்த் தாம் எழுதிய பெருநூலுக்கும் ‘கருணாமிர்த சாகரம்’ என்று, அவர் பெயரை நினைவூட்டும் பெயரையே சூட்டினார். தன் சமயத்தைக் கைவிடாமல் பிறரிடம் பெற்ற நன்மையையும் மறைக்காமல் வாழ்வது எப்படி என்பதை அவர் தம் வீட்டார்க்கு வாழ்ந்தே காட்டினார் எனலாம்.

ஈட்டிய பொருளைப் பண்டிதர் பூட்டி வைத்தாரல்லர். நகர்க்குப் புறத்தே தோட்டம் ஒன்றை அமைத்துப் பயிர்த்தொழிலில் புதிய சோதனைகள் செய்தார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். புகைப்படக் கலையையும் விரும்பிப் பயின்றார். 1909இல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. ஆயினும் அவர் நெஞ்சம் முழுதும் நிறைந்திருந்தது இசையே.

அந்நாளில் இசை கற்கும் தமிழ்ச் சிறுவர் பெரும்பாலும் தெலுங்குப் பாட்டுகளையே பொருள் அறியாமற் பாடிவந்தனர். இக்குறையை நீக்கப் பண்டிதர் மாணவர்க்கெனத் தமிழில் கீதங்கள் இயற்றி, 1907இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலாக வெளியிட்டார். பயிற்சிப் பாட்டோடு அவர் அமைதி கொள்ளவில்லை. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் உள்ளன என்ற வினா அவரை வாட்டியது.

மாணவ அன்பர்களுக்காக இதனைச் சிறிது விளக்குவோம். ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையுள்ள இடைவெளி ஒரு ஸ்தாயி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் முதலிய வடமொழி நூல்கள் அதனை இருபத்திரண்டு சுருதிகளாகப் பகுத்தன. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்தார். ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டாய்ப் பகுப்பது ஆயப்பாலை. இருபத்து நான்காய்ப் பகுப்பது வட்டப்பாலை. நாற்பத்தெட்டாய்ப் பகுப்பது திரிகோணப்பாலை. தொண்ணூற்றாறாய்ப் பகுப்பது சதுரப்பாலை என்று அவர் முடிவு கண்டார். இருபத்து நான்கில் இரண்டைக் குறைத்து இசைக்கும் பழந்தமிழர் வழக்கையே பின்னோர் இருபத்திரண்டு சுருதி எனக் கொண்டனர் என்பது அவர் கருத்து.

இக்கருத்தை அவர் அறைக்குள் இருந்து எழுதிவிட்டு ஓயவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். வித்துவான்களை அழைத்துத் தம் சொந்தச் செலவில் மாநாடுகள் பல நடத்தி, தம் முடிவுகளை அவர்கள்முன் வைத்து வாதிட்டார். நூலை அச்சிடுவதற்கென மின்விசையால் இயங்கும் அச்சகம் ஒன்றையும் தாமே அமைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ 1,300க்கு மேற்பட்ட பக்கங்களோடு வெளிவந்தது. சாகரம் என்றால் கடல். பெயர்க்கு ஏற்ற நூல்தான் அது.

நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே தனித்துச் சொல்லவேண்டும். 1916இல் பரோடா மன்னரின் ஆதரவில் முதலாவது அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பேரறிஞர் பாத்கண்டே அதனை முன்னின்று நடத்தினார். அப்பேரவையில் தம் சுருதிக் கணக்கை எடுத்துரைக்கப் பண்டிதர் சென்றார். எண்ணும் எழுத்தும் மாத்திரம் போதா; காது கேட்டு உணர வேண்டும் என்பதை அவர் நன்கறிவார். ஆகவே தம் புதல்வியரையும் உடன் அழைத்துச் சென்றார். தந்தையார் விளக்கிய கணக்கை மரகதவல்லியும் அவர்தம் உடன்பிறந்தாளும் வீணையில் இசைத்துக் காட்டினர்.

இக்காட்சியை நாம் சற்றே மனக்கண்ணால் நோக்குவோம். குடும்பப் பெண்கள் பொது அவையில் வீணையேந்தி அமர்வது அரிதாயிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து நெடுந்தொலைவில், நாடெங்குமிருந்து வந்த வித்துவான்களும் ஆராய்ச்சியாளரும் கூடியிருந்த அவை. தந்தையின் வாழ்நாள் உழைப்பு மெய்யா பொய்யா என்பது அப்பெண்களின் விரல்நுனியில் நின்றது. மக்களிடத்து எத்துணை நம்பிக்கை இருந்தால் ஒரு தந்தை இவ்வாறு செய்திருப்பார்! அவர்களை வீட்டில் அமர்த்தி இசை கற்பித்த காலமெல்லாம், அழகுக்காக மாத்திரம் அவர் கற்பிக்கவில்லை. தம் ஆராய்ச்சியில் அவர்களைத் துணைவராகவே கொண்டார் என்பது இதனாற் புலனாகும்.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் பண்டிதர் மறைந்தார். இராகங்களின் அமைப்பை ஆராயும் இரண்டாம் தொகுதி அவர் காலத்தில் வெளிவரவில்லை. தந்தை மறைந்ததும் அவருடைய கட்டுரைச் சுவடிகள் பரணில் ஏறிக் கறையானுக்கு இரையாகும் வீடுகளை நாம் அறிவோம். பண்டிதர் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. இடையில் ஓர் உலகப்போர் வந்து போயிற்று. காகிதத்துக்கும் பஞ்சம் வந்தது. எனினும் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1946இல், அவருடைய மக்கள் அத்தொகுதியை அச்சேற்றி உலகிற்கு வழங்கினர்.

பணி அத்தோடு முடியவில்லை. பண்டிதரின் மைந்தர் வரகுணபாண்டியன் யாழாராய்ச்சியில் இறங்கி, ‘பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல்’ என்ற நூலை எழுதினார். 1947இல் நம் ஈழத்தின் மட்டக்களப்புத் தந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ வெளிவந்தது. அடிகளாரின் கணக்கு பண்டிதரின் கணக்கோடு ஒன்றுபடுவதன்று. ஆயினும் இருவரும் சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளையே அடிப்படையாகக் கொண்டனர். கருத்து வேறுபாடு பகையாகாமல் ஆராய்ச்சியாக வளர்வதே அறிவுடையோர் வழி. இசையறிஞர் அனைவரும் பண்டிதரின் முடிவுகளை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆயின், தமிழிசைக்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு, அதனைத் தமிழ் நூல்களிலேயே தேடவேண்டும் என்ற எண்ணத்தை அழுத்தமாக ஊன்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதை மறுப்பார் இல்லை.

இறந்தாரை நினைத்தல் என்பது யாது? கல்லறையில் மலர் சூட்டுவதும், ஆலயத்தில் அவர்க்காக வேண்டிக்கொள்வதும், ஆண்டுதோறும் அந்நாளைக் குறித்து வைப்பதும் நல்லனவே. பளிங்கில் உருவம் செதுக்கிய சரபோசியின் அன்பும் போற்றத்தக்கதே. ஆனால் தந்தை எதனை விரும்பினாரோ அதனைத் தாமும் கற்று, அவர் நிறுத்திய வரியிலிருந்து தொடர்ந்து எழுதுவது இவை எல்லாவற்றினும் அரியது. அதற்கு அன்பு மாத்திரம் போதாது. பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும். பண்டிதர் தாம் வாழும்போதே அவ்விரண்டையும் தம் மக்களுக்கு ஊட்டி வைத்தார். ஆதலால்தான் அவர் மறைந்தபின்னும் அவர் பணி நின்றுவிடவில்லை.

தஞ்சைக்குச் செல்லும் அன்பர்கள் பெரிய கோயிலைக் கண்டபின், சிவகங்கைப் பூங்காவருகே அப்பளிங்குச் சிற்பத்தையும் காண்க. பின்னர் ஆபிரகாம் பண்டிதர் சாலையில் சிறிது தூரம் நடந்து செல்க. ஊர் திரும்பியதும், தத்தம் வீட்டில் தந்தையோ பாட்டனாரோ எழுதி வைத்த பழைய குறிப்பேடு ஏதேனும் உண்டா என்று பிள்ளைகள் தேடிப் பார்ப்பாராக. அதில் நான்கு பாட்டோ, ஒரு மருந்து முறையோ, முடிவு பெறாத ஒரு கணக்கோ இருக்கலாம். அதனைத் தூசு தட்டி எடுத்துப் படிக்கத் தொடங்கும் பிள்ளை, பண்டிதரின் மக்கள் சென்ற வழியில் முதலடி வைத்தவனாவான்.