வெயில் தின்ற பச்சை

நிஜ மிக்-21 போர்விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். அதை 32-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 சென்டிமீட்டர் சொச்சம் வரும். மூக்கில் துருத்தி நிற்கும் ஊசிக்குழாயோடு சேர்த்தால் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில், சாம்பல் பிரைமர் மட்டும் பூசிய அப்படியொரு மாடல் மரத்தாங்கியில் படுத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேர் பச்சை நிறத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"டப்பாவுல போட்டிருக்கிற பச்சை இதான் சார்."

"அது ஃபேக்டரியை விட்டு வெளிய வந்த அன்னிக்கு இருந்த பச்சை தம்பி. நான் துடைச்ச விமானம் ராஜஸ்தான் வெயில்ல வருஷக்கணக்கா நின்னது."

'சார்' விமானப்படையில் உடற்பகுதி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் மெக்கானிக்குகளைப் பயிற்றுவிக்கும் விமானப்படைப் பள்ளி இருப்பதால், சீருடையைக் கழற்றிய பிறகு இந்தப் பக்கமே வீடு கட்டித் தங்கிவிட்டவர்கள் நிறைய. 'தம்பி' மேடவாக்கத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் கார்களுக்கு ஸ்பிரே அடித்தவர். பெரியவருடைய பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், மாடியில் இருந்த ஏர்பிரஷைப் பார்த்துவிட்டு இங்கேயே ஒட்டிக்கொண்டார்.

மேஜையில் இருப்பது சீனாவின் டிரம்பெட்டர் நிறுவனம் வெளியிட்ட மிக்-21எம்எஃப் பெட்டி. அதன் நெருங்கிய சகோதரமான மிக்-21எம் விமானத்தை நாசிக்கில் எச்.ஏ.எல். நிறுவனம் 1973 முதல் தயாரித்தது. படையில் அதற்கு 'டைப் 96' என்று பெயர். பெரியவர் கைவைத்து வேலை பார்த்ததும் அதில்தான். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால், இந்தப் பெட்டியை இந்திய விமானமாக்குவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் நிறத்தில்தான்.

இந்திய மிக்-21களுக்கு ஒரே வர்ணத் திட்டம் இருந்ததில்லை. ஆரம்ப காலத்தில் வெற்று உலோகமாகப் பளபளத்தன. 1971 போர்ச் சமயத்தில் அந்தப் பளபளப்பின் மேல் பச்சையைப் பூசி மறைத்தார்கள். படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு அந்தப் பூச்சு வேறுபட்டது. பிறகு பச்சையும் மண்நிறமும் கலந்தவை, அதற்கும் பிறகு சாம்பல் நிறத்தவை. அதனால் "மிக்-21 பச்சை" என்று ஒன்றைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. குறிப்பிட்ட ஒரு விமானத்தின் புகைப்படத்தை வைத்துக்கொண்டுதான் நிறத்தைக் கலக்க வேண்டும். புகைப்படமோ தானும் வெளுத்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அரை மீட்டர் மாடலைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பது, நிஜ விமானத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். இடையிலிருக்கும் காற்று நிஜ நிறத்தைச் சற்று வெளுத்துக் காட்டும். மாடலுக்கு அந்தக் காற்று கிடையாது. எனவே ஓரிரு சொட்டு வெள்ளை சேர்க்கிறார்கள். தம்பி சேர்த்தார், ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து ஜன்னலோரம் கொண்டுபோய்க் காட்டினார். பெரியவர் தலையசைத்ததும் நிறம் முடிவானது.

ஸ்பிரே வேலை மதியத்தில்தான். சென்னைக் காற்றின் ஈரம் லாக்கர் பெயிண்டுக்கு ஆகாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு வெண்மையாக மங்கிவிடுகிறது. கடற்காற்று உள்ளே வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். கம்ப்ரசரில் நீர்பிடிக்கும் குப்பி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து வடிக்க வேண்டியிருக்கும். மெதுவாக உலரும் தின்னரும் கொஞ்சம் கலந்துகொள்கிறார்கள்.

ஏர்பிரஷின் முனைத்துளை 0.3 மில்லிமீட்டர். காருக்கு அடிக்கும் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது பேனா. முதலில் மண்நிறம், உலர்ந்தபின் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தம்பியின் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது தெரிந்தது. நிஜ விமானத்தில் அந்த ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது. ஏழெட்டு சென்டிமீட்டருக்கு நிறம் ஒன்றில் ஒன்று கரையும். 32-இல் ஒரு பங்கில் அது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். டேப் ஒட்டினால் ஓரம் கூர்மையாகிவிடும். வெறும் கையால் அடித்தால் புகைந்துவிடும். அதனால் ஒட்டும் களிமண்ணைக் கயிறாகத் திரித்து எல்லைக்கோட்டில் வைத்து, அதன் மேற்புறத்திலிருந்து செங்குத்தாக அடிக்கிறார். கயிற்றின் வளைவுக்கடியில் நுழையும் கொஞ்சநஞ்சத் தூவல்தான் அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தருகிறது.

வர்ணம் மங்கலாக உலர்ந்தது. நிஜ விமானமும் மங்கல்தான். ஆனால் அடுத்த நாள் அதன்மேல் பளபளக்கும் கிளியர் கோட் அடித்தார்கள். காரணம் டெகால், அதாவது எழுத்துகளையும் எண்களையும் ஒட்டும் நீர்ப்படலம். மங்கலான பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். டெகாலின் மெல்லிய படலம் மேடுகளின்மேல் மட்டும் படிந்து, பள்ளங்களில் காற்று சிறைப்படும். அந்தக் காற்று ஒளியைச் சிதறடித்து எழுத்தைச் சுற்றி வெள்ளிப்பூச்சு மாதிரி மின்னும். மாடல் செய்பவர்கள் இதை 'சில்வரிங்' என்கிறார்கள். பெயிண்ட் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியதாகத் தெரிந்துவிடும்.

பெரியவர் டெகாலை வெட்டி வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுத்தார். படலம் தாளிலிருந்து வழுக்கத் தொடங்கியதும் தூரிகையால் இடத்துக்கு நகர்த்தினார். மேலே ஜப்பானின் மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஒரு சொட்டு. படலம் முதலில் சுருங்கிக் கோணிக்கொண்டது. தம்பியின் விரல் தானாக நீண்டது.

"தொடாதே. தானா இறங்கும்."

சற்று நேரத்தில் சுருக்கம் மறைந்து, படலம் பேனல் கோடுகளுக்குள்ளும் ரிவெட் குழிகளுக்குள்ளும் இறங்கி, அச்சடித்ததாக நின்றது.

இறக்கையிலுள்ள மூவர்ண வட்டச்சின்னத்துக்கு அவர்கள் டெகால் பயன்படுத்துவதில்லை. சாதாரண பிரிண்டரால் வெள்ளை அச்சிட முடியாது. வெள்ளை அடித்தளம் இல்லாமல் காவியை அடர்பச்சையின்மேல் ஒட்டினால் செம்மண்ணாகத் தெரியும். எனவே வட்டவெட்டியால் முகமூடிகள் வெட்டி, முழு வட்டத்துக்கும் வெள்ளை, நடுவில் காவி, வெளிவளையத்துக்குப் பச்சை என்று அடிக்கிறார்கள். வால் துடுப்பின் மூவர்ணப் பட்டையில் இன்னொரு கவனம் வேண்டும். இரு பக்கமும் காவி முன்விளிம்பை நோக்கி இருக்க வேண்டும். ஆகவே இடதுபக்கப் பட்டையும் வலதுபக்கப் பட்டையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்.

இதற்கெல்லாம் பிறகுதான் அழுக்கு. தம்பிக்கு இந்தக் கட்டம் பிடிக்காது. நசுங்கிய கதவைப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துப் பழகியவர். "இவ்ளோ நீட்டா அடிச்சிட்டு அதுமேல நாமளே கறை போடணுமாண்ணு வயித்தைக் கலக்குது" என்றார் என்னிடம். அழுக்கை இஷ்டத்துக்குப் போடவும் முடியாது. வயிற்றுப்புற பீரங்கி வாய்க்குப் பின்னால் வெடிமருந்துப் புகை. இறக்கை வேரில் மெக்கானிக்குகள் ஏறி இறங்கிய தேய்மானம். எரிபொருள் மூடியிலிருந்து காற்றின் திசையில் பின்னோக்கி ஒரு கசிவு. வேறெங்கும் கூடாது. எண்ணெய் வர்ணத்தைத் தின்னரில் கரைத்துத் தம்பி தடவ, பெரியவர் பாதிக்கு மேல் துடைக்கச் சொன்னார்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 படையிலிருந்து விடைபெற்ற பிறகு அதன் மாடலைக் கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்கிறார் பெரியவர். நான் அங்கே இருந்தபோது வந்த தொலைபேசி அழைப்பும் அப்படித்தான். தமிழரான விமானி அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27 அன்று ஓட்டிய, சி.யு. 2328 எண்ணுள்ள மிக்-21 வேண்டுமாம், இதே பெரிய அளவில்.

"அது பைசன்ங்க, மேம்படுத்தின மிக்-21. முதுகு தடிமன் வேற, முன்கண்ணாடி வேற. இந்தப் பெட்டியில நம்பரை மட்டும் ஒட்டிட்டா பைசன் ஆயிடுமா?" அந்த முதுகுக்கு அடிப்படையான மிக்-21 பிஸ் ரகம், 48-இல் ஒரு பங்கு அளவில், செக் நாட்டு எடுவார்ட் நிறுவனத்திடம் கிடைக்கும் என்றார். மறுமுனைக்குப் பெரியதுதான் வேண்டும்.

போனை வைத்தபோது தம்பி அலமாரியிலிருந்து உபரி உடற்பகுதி ஒன்றை எடுத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "பட்டி போட்டு ஏத்திப் பாக்கலாமா சார்? கார் பானட்டே ஏத்தியிருக்கேன்." பெரியவர் வெர்னியர் அளவியைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.